கல்யாண வீடியோவைச் சொந்தபந்தத்துக்கு அனுப்புவது எப்படி: ஸ்டுடியோவில் பேசுவது முதல் டிவியில் ஓடுவது வரை

ஆல்பம் வந்தால் யாருக்கும் சிக்கல் இல்லை, புரட்டிப் பார்த்துவிடலாம். வீடியோ அப்படியில்லை. ஸ்டுடியோவில் கொடுத்த பென்டிரைவ் உங்கள் லேப்டாப்பில் நன்றாக ஓடும். மேலூர்ப் பெரியப்பா வீட்டு டிவியில் சத்தம் மட்டும் வரும், படம் வராது. சிங்கப்பூர் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தாலி கட்டும் இடம் கட்டம் கட்டமாகத் தெரியும். யூடியூபில் ஏற்றினால் பின்னணிப் பாட்டுக்கு உரிமை கேட்டு அறிவிப்பு வந்து நிற்கும். தங்கச்சி கல்யாணத்தில் இது அத்தனையும் எங்கள் வீட்டில் நடந்தது. கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முட்டி மோதித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா எதுவானாலும் வழி இதுதான்.

நேரமில்லாதவர்களுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எம்பி4 ஃபைல், உள்ளே எச்.264 படம், ஏஏசி ஒலி (இவை சுருக்கும் முறைகள், மூன்றாவது படியில் வரும்), 1080பி அளவு, அதாவது படத்தின் உயரம் 1080 புள்ளி. இந்தக் கூட்டணி ஓடாத போனும் டிவியும் இன்றைக்கு அபூர்வம். அதைவிடப் புதிய முறைகள் உண்டு, அவற்றின் நன்மையும் உண்டு. ஆனால் எழுபது வயதுப் பெரியம்மா ரிமோட்டை அழுத்தியதும் ஓட வேண்டுமென்றால் இதை விட்டு விலகாதீர்கள்.

1. முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்

முகூர்த்தத் தேதி குறித்ததும் ஸ்டுடியோவுக்குப் போவோம். ஆல்பம் எத்தனை பக்கம், ட்ரோன் உண்டா, எல்.இ.டி. திரை உண்டா என்று அரை மணி நேரம் பேசுவோம். வீடியோவை எந்த வடிவில் தருவார்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் "அதெல்லாம் பென்டிரைவ்ல போட்டுத் தந்துருவோம்ணே" என்பார்கள். அது போதாது. ஆர்டர் ரசீதின் பின்பக்கத்திலாவது இவற்றை எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள்:

முழு வீடியோ 1080பி, எச்.264, எம்பி4. 4கே-யில் எடுத்திருந்தால் 4கே பிரதி ஒன்று தனியாக. நிச்சயம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று ஒவ்வொன்றும் தனி ஃபைல். சினிமாப் பாட்டு சேர்க்காமல், மேளமும் மந்திரமும் மட்டும் கேட்கிற முகூர்த்தப் பகுதி ஒன்று. கேமராவில் எடுத்தது எடுத்தபடி, அதாவது ரா ஃபுட்டேஜ், கிடைக்குமா; கிடைக்கும் என்றால் எத்தனை நாளுக்குள், கூடுதல் பணம் உண்டா. ஒப்படைக்கும் தேதி.

ரா ஃபுட்டேஜுக்கு ஹார்டு டிஸ்க் நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு பெரியது வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: 4கே கேமராக்கள் பெரும்பாலும் நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்யும் (8 மெகாபிட் சேர்ந்தால் 1 எம்பி). அது ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. ஆகவே 1 டிபி டிஸ்க் எடுத்தால்தான் நிம்மதி. மதுரை டவுன்ஹால் ரோட்டில் நாலு கடை விசாரித்து, பில்லும் வாரண்டியும் உள்ளதாக வாங்குங்கள். இவ்வளவு குறைந்த விலையா என்று தோன்றுகிற அளவுக்கு மலிவாகத் தெருவில் விற்கிற "2 டிபி பென்டிரைவ்" பக்கமே போக வேண்டாம். அளவைப் பொய்யாகக் காட்டும். பாதி ஏறியதும் மீதி ஃபைல்கள் திறக்காது.

ஸ்டுடியோக்காரர்கள் ரா ஃபுட்டேஜை வருடக்கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு டிஸ்கில் இடம் வேண்டும், அழித்துவிடுவார்கள். கேட்பதைக் கல்யாணம் முடிந்த கையோடு கேளுங்கள். எடிட்டிங் இழுத்துக்கொண்டே போனால் ஆடி பிறந்ததும் நேரில் போய் உட்காருங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், வேலை நகரும். ஆவணி பிறந்துவிட்டால் மறுபடி உங்கள் ஃபைல் அடியில் போய்விடும்.

2. மீதிப் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்

எல்லா ஃபைலையும் திறந்து, முதல், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒலி படத்தோடு சேர்ந்து வருகிறதா என்று கடைசிப் பகுதியில் கவனியுங்கள். ஐயர் வாய் அசைவதும் மந்திரம் கேட்பதும் தள்ளிப் போனால் அங்கேயே சொல்லித் திருத்தி வாங்குங்கள். போனில் எடுத்த துண்டுகளை நடுவில் சேர்த்திருந்தால் இது அடிக்கடி வரும். கேமரா நொடிக்கு 25 அல்லது 50 படம் என்று ஒரே சீராக எடுக்கும். போன் வெளிச்சத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங்கில் அதைச் சரிக்கட்டாமல் விட்டால் நேரம் ஆக ஆக ஒலி விலகும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பென்டிரைவில் இருப்பதை அப்படியே லேப்டாப்பிலும் ஹார்டு டிஸ்கிலும் நகல் எடுப்பது. அந்தப் பென்டிரைவை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

3. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பெயரின் கடைசியில் இருக்கும் எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ எல்லாம் தூக்குவாளியின் பெயர்தான். உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்று வாளியைப் பார்த்துத் தெரியாது. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் கோடெக் என்கிறார்கள். எச்.264, எச்.265, எம்பெக்-2, விபி9, ஏவி1 என்பவை அந்த வகை. டிவி ஓட்ட மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருப்பதுதான். ஃபைல் பெயரில் எம்கேவி-யை அழித்துவிட்டு எம்பி4 என்று மாற்றி எழுதுவதால் எதுவும் மாறாது.

வி.எல்.சி. பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் எல்லாம் எழுதியிருக்கும். எச்.264 அல்லது ஏவிசி என்றிருந்தால் நல்லது. எச்.265 அல்லது எச்இவிசி என்றிருந்தால், அதே தரத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கும் புதிய முறை அது. பழைய டிவிகளில் ஓடாது. அதோடு 10-பிட் (நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் முறை) என்றும் காட்டினால் இன்னும் பல கருவிகள் கைவிடும். புதிய கேமராக்கள் பலவற்றில் இந்த 10-பிட் எடுக்கும் வசதி உண்டு. எடிட்டிங்கில் நிறம் சரிசெய்ய நல்லது, பெரியப்பா டிவிக்கு ஆகாது. எங்கள் பென்டிரைவில் இருந்தது இதுதான். ஒலி மட்டும் டிவிக்குப் புரிந்தது, படம் புரியவில்லை.

ஒலிக்கும் தனி கோடெக் உண்டு. ஏஏசி என்றால் எங்கும் கேட்கும். பிசிஎம், ஏசி3 என்றிருந்தால் சில போன்களில் ஊமைப் படமாக ஓடும்.

4. எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்

சுருக்காமல் வைத்தால் 1080பி படம், நொடிக்கு 25 என்ற கணக்கில், ஒரு மணி நேரத்துக்கு 560 ஜிபி ஆகும். அதைச் சில ஜிபி-க்குள் கொண்டுவருவதுதான் கோடெக்கின் வேலை. ஒரு ஃப்ரேமை, அதாவது நொடிக்கு 25 என்று ஓடும் படங்களில் ஒன்றை, முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ, எது நகர்ந்ததோ அதை மட்டும் குறித்துக்கொள்ளும். மணவறையில் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது குறிக்க அதிகமில்லை. கெட்டிமேளம் கொட்டியதும் எல்லாக் கையிலிருந்தும் அட்சதையும் பூவும் பறக்கிறதே, அந்தச் சில நொடிகளில் திரை முழுக்க மாறுகிறது. ஒதுக்கிய இடம் போதாமல் கோடெக் திணறி, மணப்பெண்ணின் முகத்தைக் கட்டம் கட்டமாக்கிவிடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் பீய்ச்சும் தண்ணீரைப் போனில் எடுத்து அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தண்ணீர்த் துளிகள் எல்லாம் சேர்ந்து ஒரே கலங்கலாகத் தெரியும்.

அரக்குச் சிவப்புப் பட்டிலும் கவனம் வேண்டும். பொதுவாகப் பரிமாறப்படும் வீடியோக்களில் வெளிச்சத்தின் விவரம் முழுதாகவும் நிறத்தின் விவரம் குறைத்தும் வைக்கப்படுகிறது. அடர்ந்த சிவப்பில் அது முதலில் கண்ணுக்குத் தெரியும். ஜரிகையும் சிவப்பும் சேரும் இடம் அரித்தாற்போல ஆகும். அதனால் சுருக்கிய பிரதியைச் சரிபார்க்கும்போது முகூர்த்தச் சேலையின் பார்டரையும் அட்சதை போடும் இடத்தையும் பாருங்கள். அந்த இரண்டு இடம் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

கணக்கு இப்படி: நொடிக்கு 8 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. 4 மெகாபிட் என்றால் 1.8 ஜிபி. 2 மெகாபிட் என்றால் 900 எம்பி. டிவிக்கும் யூடியூபுக்கும் 8, போனுக்கு 2 அல்லது 3 என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு 3.6 ஜிபி ஃபைலை அனுப்பிவிட்டு "பாத்தீங்களா சித்தப்பா?" என்று கேட்பது நியாயமில்லை.

5. முதலில் துண்டு போடுங்கள், பிறகு சுருக்குங்கள்

ஸ்டுடியோ ஒரே ஃபைலாகக் கொடுத்திருந்தால் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் வெட்டலாம். அது மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் தரம் குறையாது, நிமிடங்களில் முடியும். கோடெக் முழுதாக வைத்திருக்கும் படம் உள்ள இடத்தில்தான் சரியாக வெட்ட முடியும் என்பதால் நீங்கள் குறித்த இடத்துக்குச் சற்று முன்பிருந்தே துண்டு ஆரம்பிக்கலாம். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

துண்டு போடுவதற்கு இன்னொரு காரணம் கரண்ட். சுருக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தால் பாதியில் நின்ற எம்பி4 திறக்காது, முதலிலிருந்து செய்ய வேண்டும். துண்டாக இருந்தால் போவது ஒரு துண்டுதான்.

6. ஹேண்ட்பிரேக்கில் சுருக்குவது

ஹேண்ட்பிரேக் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இணையத்தில் "ஃப்ரீ வீடியோ கன்வர்ட்டர்" என்று தேடினால் வரும் தளங்களில் வீட்டுப் பெண்பிள்ளைகள் இருக்கும் வீடியோவை ஏற்றாதீர்கள். அது யார் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. சில மென்பொருள்கள் முழுதும் செய்து முடித்த பிறகு நடுவில் தங்கள் பெயரை அச்சடித்துவிட்டுப் பணம் கேட்கும்.

ஃபைலை உள்ளே இழுத்துப் போட்டதும் ப்ரீசெட்டில் (முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கும் தேர்வுகளில்) "ஃபாஸ்ட் 1080பி30" தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான்.

சம்மரி பகுதியில் ஃபார்மேட் எம்பி4 என்று இருக்கட்டும். "வெப் ஆப்டிமைஸ்டு" என்பதை டிக் செய்யுங்கள். இணையத்தில் வைத்தால் முழுதும் இறங்கும் முன்பே ஓடத் தொடங்கும்.

வீடியோ பகுதியில் கோடெக் எச்.264 (எக்ஸ்264) ஆக இருக்க வேண்டும். ஃப்ரேம் ரேட்டில் "சேம் ஆஸ் சோர்ஸ்" என்று வைத்து, பக்கத்தில் "கான்ஸ்டன்ட்" தேர்ந்தெடுங்கள். ப்ரீசெட்டில் உள்ள 30-ஐ அப்படியே விட்டால், 50-ல் எடுத்த வீடியோவில் மாப்பிள்ளை ஊர்வலம் வெட்டி வெட்டி நகரும்.

தரம் "கான்ஸ்டன்ட் குவாலிட்டி"யில் இருக்கட்டும், எண் 20 முதல் 24-க்குள். எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். நான் டிவி பிரதிக்கு 20, போன் பிரதிக்கு 720பி அளவில் 23 வைக்கிறேன். இந்த முறையில் அட்சதைக் காட்சிக்குத் தேவையான இடத்தை மென்பொருளே கூடுதலாக ஒதுக்கும், அசையாத காட்சியில் மிச்சம் பிடிக்கும். ஃபைல் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பது ஒன்றுதான் குறை. ஆகவே முதலில் அட்சதை விழும் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் சுருக்கிப் பாருங்கள்.

ஆடியோவில் ஏஏசி, 160. நாதஸ்வரம் இருக்கிறது, இதற்குக் கீழே போகாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு வழியாகச் சுருக்கும் தேர்வுகள் பட்டியலில் இருக்கும். மிக வேகமாக முடியும், ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாகும். பழைய லேப்டாப்பில் எக்ஸ்264 முறையில் ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். இரவு படுக்கப் போகும்போது எல்லாத் துண்டையும் வரிசையில் சேர்த்து ஓடவிடுங்கள். ஸ்லீப் போகாதபடி பவர் செட்டிங்கை மாற்றுங்கள், லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. எப்போதும் ஸ்டுடியோ கொடுத்த மூலத்திலிருந்தே சுருக்குங்கள். சுருக்கியதை மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் கரையும். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவைப் பெரிதாக்கி "4கே ஆக்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். போன விவரம் போனதுதான், ஃபைல்தான் பெருக்கும்.

7. யாருக்கு எப்படி அனுப்புவது

வாட்ஸ்அப்: வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒரு முறை சுருக்கும். எச்.டி. தேர்வு செய்தாலும் சுருக்கும். "டாகுமென்ட்" ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். டெலிகிராமிலும் இலவசமாக ஒரு ஃபைல் 2 ஜிபி வரை. 720பி-யில் சுருக்கிய முகூர்த்தத் துண்டு இதற்குள் தாராளமாக அடங்கும். பெறுபவர் வைஃபையில் இருக்கும்போது அனுப்பப்போவதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

யூடியூப்: செலவில்லை, ஆளுக்கு ஆள் ஃபைல் அனுப்பும் வேலையும் இல்லை. அவரவர் இணைய வேகத்துக்கு ஏற்ப யூடியூபே பல அளவில் தயாரித்துக்கொள்ளும் என்பதால் அத்தை சிங்கப்பூரில் 1080பி-யிலும், உசிலம்பட்டிச் சித்தி 360பி-யிலும் ஒரே இணைப்பில் பார்க்கலாம். 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் போன் நம்பர் கொடுத்துக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைப் போட்டால் முடிந்தது. அதன் பிறகு 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி வரை ஏற்றலாம். குழந்தைகளுக்காகச் செய்ததா என்று கேட்கும். காதுகுத்து வீடியோவில் குழந்தை இருக்கிறதே என்று "ஆம்" போடாதீர்கள், கமென்ட் வசதி அடைபட்டு யாரும் வாழ்த்து எழுத முடியாது. பார்வை "அன்லிஸ்டட்" ஆக இருக்கட்டும். ஆனால் இணைப்பு கிடைத்த யாரும் அதைத் திறக்கலாம், அடுத்தவருக்கும் அனுப்பலாம். அதனால் ஏற்றும் முன் மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மொய் எழுதும் பகுதியை ஏற்றவே வேண்டாம். யார் எவ்வளவு செய்தார் என்பது இணையத்தில் இருக்க வேண்டிய விஷயமில்லை.

பாட்டு விஷயம்: சினிமாப் பாட்டு ஒலித்தால் யூடியூப் தானாகக் கண்டுபிடிக்கும். விளம்பரம் போடுவார்கள், அல்லது சில நாடுகளில் ஓடாமல் தடுப்பார்கள். மண்டப ஸ்பீக்கரில் ஓடிய பாட்டுக்கும் இது பொருந்தும். முதல் படியில் மேளச் சத்தம் மட்டும் உள்ள பிரதி கேட்கச் சொன்னது இதற்காகத்தான். கேட்டுப் பார்த்தால் அதுதான் உண்மையான கல்யாணம் மாதிரியும் இருக்கிறது.

ஏற்றும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. மூன்று மணி நேர வீடியோ, 8 மெகாபிட் என்றால் 10.8 ஜிபி. உங்கள் இணைப்பின் அப்லோட் வேகம் 20 மெகாபிட் என்றால் ஒண்ணேகால் மணி நேரம். 5 என்றால் ஐந்து மணி நேரம். பிளானில் எழுதியிருப்பது பெரும்பாலும் டவுன்லோட் வேகம், அப்லோடை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஏறி முடித்ததும் முதலில் மங்கலாகத்தான் ஓடும். உயர்தரம் தயாராகக் கொஞ்ச நேரமாகும். அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள், பொறுத்திருந்து இணைப்பை அனுப்புங்கள்.

கூகுள் டிரைவ்: இலவசமாக 15 ஜிபி, அதுவும் மெயிலும் போட்டோவும் சேர்த்து. முழுக் கல்யாணம் அடங்காது. ஸ்டுடியோவுக்குச் சில துண்டுகள் அனுப்ப மட்டும் நான் பயன்படுத்தினேன்.

பென்டிரைவ்: டிவியில் பார்க்கும் பெரியவர்களுக்கு இதுவே சரி. பழைய டிவிகள் எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபார்மேட் செய்ததைத்தான் படிக்கும், அதில் 4 ஜிபி-க்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. இடம் இருந்தும் "இடம் போதவில்லை" என்பது போல அறிவிப்பு வந்தால் காரணம் இதுதான். ஐந்தாவது படியில் துண்டு போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வராது. ஃபைல் பெயர்களை 01, 02 என்று தொடங்குங்கள், டிவி அதே வரிசையில் காட்டும்.

8. பழைய டிவிடி இருந்தால்

உள்ளே இருக்கும் விஓபி ஃபைல்கள் எம்பெக்-2 முறையில் சுருக்கியவை. டிவிடியைப் போட்டு ஹேண்ட்பிரேக்கில் நேராகத் திறக்கலாம். அளவு 576 வரிதான், அதை 1080பி ஆக்க முயல வேண்டாம். தர எண் 18 முதல் 20-க்குள் வைத்தால் போதும். ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் ஃபில்டர்ஸ் பகுதியில் "டீகோம்ப்" இருக்கிறதா என்று பாருங்கள். டிவிடி தட்டில் கீறலும் பூஞ்சையும் ஏறும் முன் செய்துவிடுங்கள்.

9. மூலத்தை எங்கே வைப்பது

ஸ்டுடியோ கொடுத்த முழு அளவுப் பிரதி இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வீட்டில் இருக்க வேண்டும்: ஒன்று பெண் புகுந்த வீட்டில், ஒன்று பிறந்த வீட்டில். கிளவுடில் வைக்க விரும்பினால் கூகுளின் 100 ஜிபி திட்டத்துக்கு நான் கட்டியது மாதம் 130 ரூபாய். எடிட் செய்த ஃபைல்களுக்கு அது போதும், ரா ஃபுட்டேஜுக்குப் போதாது. கல்யாண நாள் வரும்போது வருடம் ஒரு முறை டிஸ்கை மாட்டி, நாலைந்து ஃபைலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் கோளாறு தெரிந்தால் அன்றைக்கே மற்ற வீட்டு டிஸ்கிலிருந்து புதியதில் நகல் எடுத்துவிடுங்கள்.